வீட்ல ஒருத்தர அரெஸ்ட் பண்ணிட்டாங்களா? முதல் 24 மணி நேரமும் வக்கீல் புடிக்கிறதும்

நம்ம தமிழ்நாட்டுல ஒருத்தர போலீஸ் கூட்டிட்டு போனா வீட்ல இருக்கவங்க முதல்ல தேடறது கட்சிக்காரர, அப்புறம் ஸ்டேஷன்ல தெரிஞ்ச ஏட்டு யாராவது இருக்காரான்னு பாப்பாங்க, வக்கீல் ஞாபகமே வர்றது ரிமாண்ட் ஆகி ஆள் ஜெயிலுக்கு போனப்புறம்தான். இது அப்படியே தலைகீழ். ஜாமீன் மனு போட அடுத்த நாள் கூட வக்கீல் கிடைப்பாரு, ஆனா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி முதல் தடவ நிறுத்தறப்ப நம்ம பக்கம் ஒரு வக்கீல் நிக்கணும், அங்க பேசாம விட்டத பின்னாடி பேசி சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

மொதல்ல டைம் குறிச்சு வைங்க. கூட்டிட்டு போன நேரத்துலருந்து 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கிட்ட ஆஜர் பண்ணணும், கோர்ட்டுக்கு போற பயண நேரம் மட்டும் கணக்குல வராது, அரசியல் சாசனம் 22வது பிரிவும் சொல்லுது, பிஎன்எஸ்எஸ் 58ம் சொல்லுது (2024 ஜூலை 1லருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசிக்கு பதிலா வந்த சட்டம் அது). நடைமுறைல என்ன ஆகும்னா "சும்மா விசாரணைக்குத்தான்"னு காலைல கூட்டிட்டு போயிட்டு, பேப்பர்ல மறுநாள் சாயங்காலம் அரெஸ்ட் பண்ணதா எழுதுவாங்க. அதனால எத்தன மணிக்கு, எங்கருந்து, எந்த ஸ்டேஷன்னு சொல்லி கூட்டிட்டு போனாங்க, இத ஒரு சொந்தக்காரருக்கு உடனே வாட்ஸ்அப் பண்ணுங்க, டைம் அதுலயே பதிஞ்சிடும். பழைய வக்கீலுங்க எல்லாம் "உடனே தந்தி அடி"ம்பாங்க, 2013ல தந்தியே நின்னுபோச்சு, இப்ப கமிஷனர் இல்ல எஸ்பி ஆபீஸுக்கு ஒரு இமெயில் போட்டா அதே வேலைய செய்யும்.

சனி ஞாயிறுன்னு சாக்கு சொன்னா நம்பாதீங்க. லீவு நாள்ல இன்சார்ஜ் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கே கூட்டிட்டு போய் ரிமாண்ட் பண்ணுவாங்க, எந்த மாஜிஸ்ட்ரேட்னு கண்டுபுடிக்கறதுதான் அன்னைக்கு வக்கீலோட முதல் வேலை.

எல்லா கேஸுக்கும் அரெஸ்ட் பண்ணியே ஆகணும்னு இல்லங்கறது நிறைய பேருக்கு தெரியல. 7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குத்தம்னா பொதுவா பிஎன்எஸ்எஸ் 35(3)படி நோட்டீஸ் குடுத்து கூப்பிட்டு விசாரிக்கணும், அரெஸ்ட் பண்ணா ஏன்னு காரணத்த எழுதி வைக்கணும், 2014ல அர்னேஷ் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத கறாரா சொல்லிடுச்சு. நோட்டீஸ் வந்தா போங்க, போகாம இருந்தா அதையே காரணமா காட்டி தூக்கலாம். சாட்சியா விசாரிக்கணும்னா பெண்களையும் 60 வயசு தாண்டினவங்களையும் ஸ்டேஷனுக்கு வான்னு கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும். பெண்கள பொழுது சாஞ்சப்புறம் விடியறதுக்குள்ள அரெஸ்ட் பண்ணக்கூடாது, அவசியம்னா மாஜிஸ்ட்ரேட் அனுமதி வாங்கி பெண் அதிகாரிதான் பண்ணணும்.

அரெஸ்ட் பண்ணா எதுக்குன்னு சொல்லணும், வீட்ல ஒருத்தருக்கு தகவல் குடுக்கணும், அரெஸ்ட் மெமோ எழுதணும். அந்த மெமோல கையெழுத்து கேப்பாங்க, போடலாம், ஆனா அதுல இருக்கற நேரத்த பாத்துட்டு போடுங்க, தப்பா இருந்தா கையெழுத்துக்கு பக்கத்துலயே சரியான நேரத்த எழுதிடுங்க. வெத்து பேப்பர்ல மட்டும் என்ன மிரட்டினாலும் போடாதீங்க. போலீஸ் விசாரணைல எழுதற வாக்குமூலத்துக்கு கையெழுத்து தேவையே இல்ல, போலீஸ் கிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டாலும் அது கோர்ட்ல சாட்சியம் ஆகாது. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, நீங்க சொன்னத வச்சு ஒரு பொருள எடுத்தாங்கன்னா, அந்த பொருள் சம்பந்தமா சொன்னது மட்டும் செல்லும். அதனால பேரு, ஊரு, விலாசம் சொல்லுங்க, மத்ததுக்கு "வக்கீல பாத்துட்டு சொல்றேன் சார்"னு மரியாதையா சொல்லிட்டு நிறுத்திக்கங்க. விசாரணை நடக்கறப்ப வக்கீல சந்திக்க உரிமை இருக்கு, ஆனா முழு நேரமும் கூட உக்காந்துருக்க முடியாது.

ரிமாண்டுக்கு முன்னாடி ஜிஎச் கூட்டிட்டு போவாங்க. அடி பட்டிருந்தா டாக்டர் கிட்ட சொல்லி எழுத வைங்க, மாஜிஸ்ட்ரேட் "போலீஸ் அடிச்சாங்களா"ன்னு கேக்கறப்பயும் சொல்லுங்க. பக்கத்துல போலீஸ் நிக்குதேன்னு "இல்ல"ன்னுட்டா பேப்பர்ல அப்படியே ஏறிடும்.

இப்ப வக்கீல். பெரிய பேரு முக்கியமில்ல, கேஸ் எந்த கோர்ட்டுக்கு போகுதோ அந்த கோர்ட்ல தினமும் கிரிமினல் கேஸ் பாக்கறவரா இருக்கணும், பத்திரம் எழுதி சிவில் கேஸ் பாக்கற சொந்தக்கார வக்கீல நல்ல மனசுக்காக இதுல இழுத்து விடாதீங்க. ஈகோர்ட்ஸ் சைட்ல வக்கீல் பேர போட்டு தேடினா அவர் நடத்தற கேஸுங்க வரும், அஞ்சு நிமிஷ வேலை. போன்லயே கேளுங்க: ரிமாண்டுக்கு நீங்களே வருவீங்களா ஜூனியர் வருவாரா? (நல்ல ஜூனியர்னா தப்பில்ல, யாரு வர்றாங்கன்னு தெரியணும் அவ்ளோதான்.) ஃபீஸ் ரிமாண்டுக்கு எவ்ளோ, ஜாமீனுக்கு எவ்ளோ, டிரையலுக்கு எவ்ளோன்னு தனித்தனியா பேசிடுங்க, பின்னாடி சண்டை வர்றது எல்லாம் இதுலதான். "கண்டிப்பா வெளிய எடுத்துடறேன், எடுத்தா மட்டும் காசு குடு"ன்னு ஒருத்தர் சொன்னா நகந்துடுங்க, ரிசல்ட்ட பொறுத்து ஃபீஸ் பேசறத பார் கவுன்சில் விதியே தடுக்குது. கோர்ட் வாசல்ல "ஜட்ஜ் நமக்கு தெரிஞ்சவரு"ன்னு பேச்சு குடுக்கறவரு புரோக்கர், வக்கீலே இல்ல.

காசில்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இல்ல கோர்ட் வளாகத்துலயே இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க. கஸ்டடில இருக்கவங்க, பெண்கள், எஸ்சி எஸ்டி, இவங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கணும்ங்கறது சட்டம். இலவசம்னா மட்டமா இருக்கும்னு நெனச்சு யாருமே இல்லாம போய் நிக்கறது அதவிட மோசம்.

ஆள் உள்ள போயிட்டா வக்காலத்துல (நம்ம சார்பா ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் குடுக்கற பேப்பர்) ஜெயில் சூப்பிரண்டு அட்டெஸ்ட் பண்ணி வாங்கணும், அதுக்கே நேரம் போகும், ரிமாண்ட் அன்னைக்கே கையெழுத்து வாங்கிடறது நல்லது. அப்புறம் ஒரு தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. 60 நாள்ல, பெரிய குத்தம்னா 90 நாள்ல குற்றப்பத்திரிகை வரலன்னா கேஸ் எவ்ளோ பெருசானாலும் ஜாமீன் உரிமை, ரிமாண்ட் ஆன நாளையும் சேத்து எண்ணணும் (உபாங்கற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட கேஸ், பெரிய அளவு கஞ்சா கேஸ் மாதிரி இருந்தா இந்த கணக்கு நீளலாம்). ஆனா தானா வெளிய விடமாட்டாங்க, குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகறதுக்கு முன்னாடி நம்ம மனு உள்ள போயிருக்கணும், ஒரு நாள் அசந்தா உரிமை போச்சு. வக்கீல் மறந்தாலும் நீங்க ஞாபகப்படுத்துங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

குண்டாஸ்ல (முன்கூட்டியே தடுத்து வைக்கற சட்டம்) போட்டா இந்த 24 மணி நேரம், 60 நாள் எதுவும் பொருந்தாது, அது வேற ரூட்டு, ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடறவர தேடணும்.

ஜாமீன் ஆர்டர் வந்த அன்னைக்கே வெளிய வந்துடுவாங்கன்னு நெனச்சு வண்டி எடுத்துட்டு போய் ஜெயில் வாசல்ல நிக்காதீங்க. ரெண்டு ஜாமீன்தாரர் வேணும்பாங்க, அவங்க ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரிஜினலோட ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே ரெடியா இருந்தா ஒண்ணு ரெண்டு நாள் மிச்சம். தினமும் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்னு கண்டிஷன் இருந்தா ஒரு நாள் கூட விடாதீங்க, அதையே காரணமா காட்டி ஜாமீன கேன்சல் பண்ணச் சொல்லி கேக்கலாம். கொஞ்ச நாள் ஒழுங்கா போட்டுட்டு, கண்டிஷன தளர்த்த மனு போடச் சொல்லி வக்கீல் கிட்ட கேளுங்க, பாதி பேர் இத கேக்காமலே மாசக்கணக்குல ஸ்டேஷன் வாசல் ஏறி இறங்கிட்டு இருக்காங்க.