டைமிங் செயினோடு வால்வு ஸ்பிரிங்கையும் பாருங்கள்

நெல்லையிலிருந்து கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குக் கார் கொண்டுபோகும் தம்பிகளுக்கு ஒரு விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் முன்பக்கம் சில நொடி கடகடத்து அடங்குகிறதா? கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், இல்லை அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். செயினை மட்டும் மாற்றாதீர்கள். செயின் உரசி ஓடும் கைடு, டென்ஷனர், பல்சக்கரம் எல்லாம் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கூட்டப் போகிறீர்கள் என்றால், வால்வை மூடும் வால்வு ஸ்பிரிங்கையும் மாற்றுவது அவசியம். பழைய ஸ்பிரிங் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வால்வு மூடத் தாமதித்து பிஸ்டனில் இடித்தால் இன்ஜின் போச்சு. அதற்காகக் கிடைத்ததிலேயே கெட்டியான ஸ்பிரிங்கை வாங்கிப் போடவும் கூடாது. கேம் சீக்கிரம் தேய்ந்துவிடும். கேம் தயாரித்தவர் சொல்லும் ஸ்பிரிங்தான் சரி. வால்வு முழுக்கத் திறந்த நிலையிலும் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல், மொத்தமாக 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். இதை அளக்காமல் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதி) மூட விடாதீர்கள்.

அப்புறம், பாளையங்கோட்டையில் எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று இதைச் செய்யச் சொல்லுங்கள்: சாவி போடும் முன், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, இன்ஜின் ஓடும் திசையில் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று. எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்தி, டைமிங் குறிகளைத் திரும்பப் பாருங்கள்.