தாளில் பில் வராத வீட்டில் தொலைபேசிக் கணக்கைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கம்பி தொங்கும். மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, தொலைபேசி பில் எல்லாம் தேதி வரிசையில் அதில் குத்தப்பட்டிருக்கும். ஒரு மழைக்காலத்தில் தொலைபேசி பில் வருவது நின்றது; தபால் தாமதம் என்று அவர் இருந்துவிட்டார். வெளியே பேச முடியாமல் போனபோதும், மழையில் கேபிள் பழுதாகியிருக்கும் என்றே நினைத்தார். பேரன் என்றோ ஒரு படிவத்தில் எழுதிக்கொடுத்த மின்னஞ்சலுக்கு மூன்று மாத பில்கள் போய்க் கிடந்ததும், அதன் கடவுச்சொல்லைப் பேரனே மறந்துவிட்டிருந்ததும் பிறகுதான் தெரிந்தன.

செல்பேசி சிக்னல் சரியாக எட்டாத பள்ளங்களில் லேண்ட்லைனை நம்பி இருக்கும் பெரியவர்கள் நீலகிரியில் இன்னும் பலர். அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்பதால், அவர்களுக்காக அலைந்து திரியும் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எழுதுகிறேன்.

லைன் பேசவில்லை என்று பெரியவர் சொன்னால், முதலில் வேறு தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். மணி அடித்து அவர் எடுத்துப் பேச முடிந்து, அவரால் மட்டும் வெளியே அழைக்க முடியவில்லை என்றால், அது பெரும்பாலும் கட்டண பாக்கிதான். ஏனெனில் பாக்கி விழுந்தால் வழக்கமாக வெளி அழைப்பை முதலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகே இணைப்பை முழுவதுமாகத் துண்டிப்பார்கள். ரிசீவரில் எந்தச் சத்தமும் இல்லை, அல்லது இரைச்சல் மட்டும் கேட்கிறது என்றால் அது லைன் பழுதாக இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாததால், லைன்மேன் வருவார் என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

அடுத்த வேலை, தாள் பில் வேண்டும் என்று எழுத்தில் கேட்பது. வாய்மொழியாகக் கேட்டால் 'சிஸ்டத்தில் மாற்றிவிட்டோம்' என்ற பதிலோடு அது முடிந்துவிடும். கடிதம் அரைப் பக்கம் போதும்: 'எனக்கு வயது 78. என் வீட்டில் இணையமோ ஸ்மார்ட்போனோ இல்லை. என் கணக்கில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலை நான் பயன்படுத்துவதில்லை. அதை நீக்கிவிட்டு, மாதாந்திர பில்லைத் தாளில் அச்சிட்டுக் கீழ்க்கண்ட முகவரிக்குத் தபாலில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். இதற்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் எழுத்தில் தெரிவிக்கவும்.' தொலைபேசி எண், பழைய பில்லில் உள்ள கணக்கு எண், பின்கோடுடன் முழு முகவரி ஆகியவற்றை எழுதி, பெரியவரே கையொப்பமிட வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் போய்வர முடியாதவர்கள் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், பழைய பழக்கத்தில் அதைக் கேட்டு நிற்க வேண்டாம்.

கவுண்டரில் 'பணம் கட்டினால் போதாதா, தாள் எதற்கு?' என்று கேட்டால் சொல்வதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. ஆதாரில் பழைய முகவரி இருக்கும் ஒருவருக்கு, இரண்டு மாதத்துக்கு மேற்படாத தொலைபேசி பில்லைத் தற்காலிக முகவரிச் சான்றாக வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதிகள் இடம் தருகின்றன. மகன் வீட்டுக்கு இடம் மாறிய முதியவருக்கு அந்தத் தாள் வெறும் கணக்குச் சீட்டு அல்ல.

தாள் மறுபடி வரும்வரை வீட்டிலேயே ஒரு தாளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பெரியவரிடம் பட்டன் போன் இருந்தால், அந்த எண்ணைக் கணக்கில் பதிந்து, பில் தொகையும் கடைசித் தேதியும் குறுஞ்செய்தியாக வரும்படி கேளுங்கள். அதோடு விட்டுவிடவும் கூடாது. பெரியம்மாவின் போனை வாங்கிப் பார்த்தபோது, ரீசார்ஜ் விளம்பரங்களும் கடன் தருகிறோம் என்ற அழைப்புகளுமாகச் செய்திப் பெட்டி நிரம்பி வழிந்தது. புதிய செய்தி நுழைய இடமில்லை. நுழைந்திருந்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருந்திருக்கும். ஆகவே மாதம் ஒரு முறை, ஓய்வூதியம் வாங்கப் போகும் நாளைப் போல மறக்காத ஒரு நாளில், யாராவது வேண்டாத செய்திகளை அழித்துவிட்டு, பில் காலம், தொகை, கடைசித் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். செல்பேசியே இல்லை என்றால், அதே நாளில் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துத் தொகையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தொகையைப் பார்க்கும்போது, திட்டக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதை நினைவில் வையுங்கள். 300 ரூபாய்த் திட்டத்துக்கு 354 ரூபாய் வருவது பிழையல்ல.

கட்டுவதற்கு நேரில் போய் ரசீது வாங்குவதே பெரியவர்களுக்குப் பிடித்த வழி, ஆனால் மண்சரிவில் பேருந்து நின்றுபோகும் நாட்களும் நம் ஊரில் உண்டு. மாதாமாதம் ஒரே தொகை வரும் திட்டமாக இருந்தால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு நல்லது என்பது என் எண்ணம். பாஸ்புக்கை அச்சிடும்போது அந்தப் பிடித்தமும் வரியாக வந்துவிடும். தாள் பில் போன இடத்தில் அது ஓர் ஆதாரம். தவறான பில்லுக்கும் பணம் போய்விடும் என்ற குறை இதில் இருப்பதால், உச்ச வரம்பு ஒன்றை எழுதிக்கொடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் செல்பேசியிலேயே கட்டிவிடுவது எளிதுதான். ஆனால் கட்டிய அன்றே தொகையைத் தொலைபேசியில் சொல்லி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தன் வீட்டுக் கணக்கு தன் கையை விட்டுப் போவதைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பில் அனுப்பாமலே தாமதக் கட்டணம் போட்டிருந்தால் தொலைபேசி நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஆம் ஆண்டு விதிகளின்படி அதை 39 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதி நாளைக் கழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்க இணையம் தேவையில்லை. தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இன்னொன்று. பில் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில்தான் 'பாக்கி இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் இணைப்பைத் துண்டிப்போம், 9-ஐ அழுத்துங்கள்' என்ற மோசடி அழைப்பு எளிதில் பலிக்கிறது. அப்படி வந்தால் ஒன்றும் பேசாமல் ரிசீவரை வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து இந்த மாதத் தொகை கட்டியாகிவிட்டதா என்று பார்க்கும்படி பெரியவரைப் பழக்குங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையவழி நிதி மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில், பேரப்பிள்ளைகளின் எண்களுக்கு மேலே எழுதிவையுங்கள்.