ஒப்பமிட்ட பிடிஎஃப் மட்டும் போதாது

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதியோ படகோ வைத்திருந்து, கொழும்பு ஏஜென்சிக்காரரோடு ஒப்பந்தத்தை ஈமெயிலிலேயே ஒப்பமிட்டு முடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஒப்பத்தை ஏற்கிறது, ஆனால் "நான் ஒப்பமிடவே இல்லை" என்று மற்றவர் மறுத்தால் கைகொடுப்பது ஆடிட் டிரெயில்தான்: எந்த ஈமெயிலுக்குப் போனது, எப்போது திறந்தார், எந்த ஐபி முகவரியிலிருந்து ஒப்பமிட்டார், ஆவணத்தின் ஹாஷ் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) என்ன என்ற பதிவு. எல்லாரும் ஒப்பமிட்ட அன்றே அதையும் டவுன்லோட் செய்து வையுங்கள், ஒப்பமிடப் பயன்படுத்திய இணையச் சேவையில் கணக்கு மூடப்பட்டால் பிறகு தேடி அலைய வேண்டும். பிரின்ட் எடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்த பிரதியில் டிஜிட்டல் முத்திரை போய்விடும், மூலக் கோப்பையே வையுங்கள். அப்புறம், அந்தப் பதிவில் பெரும்பாலும் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்டுங்கள். காணி உறுதிக்கு இதெல்லாம் சரிவராது, நொத்தாரிசிடம்தான் போக வேண்டும்.