நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடவில்லையா? கிட் வரலாற்றைப் புரட்டுங்கள்

போன மாதப் பதிப்பில் சரியாக வந்த கணக்கு இந்த வாரம் தவறாக வருகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில், இடையில் பலர் சேர்ந்து நூற்றுக்கணக்கான கமிட்டுகளை, அதாவது பதிவான மாற்றங்களைச் சேர்த்திருக்கிறார்கள். உடனே சந்தேகப்படும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். என் வேலையோ பிறர் எழுதிய பழைய நிரலைப் பராமரிப்பது. யோசிப்பதற்கு முன் தேடுங்கள் என்றுதான் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் சொல்வேன்.

தேடுவதற்கு ‘கிட் பைசெக்ட்’ இருக்கிறது. முதலில் ‘கிட் பைசெக்ட் ஸ்டார்ட்’ கொடுங்கள். இப்போதைய நிலை பழுது என்று சொல்ல ‘கிட் பைசெக்ட் பேட்’. சரியாக ஓடிய பழைய பதிப்பின் பெயரோடு ‘கிட் பைசெக்ட் குட்’. உடனே இரண்டுக்கும் நடுவிலுள்ள கமிட்டை கிட் எடுத்து வைக்கும். அதை ஓட்டிப் பார்த்து ‘குட்’ அல்லது ‘பேட்’ என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் தேட வேண்டிய பகுதி பாதியாகக் குறைவதால், 1,000 கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனைகளில் பழுதைக் கொண்டுவந்த கமிட் அகப்பட்டுவிடும். முடிந்ததும் ‘கிட் பைசெக்ட் ரீசெட்’ கொடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்புங்கள்.

எந்தப் பதிப்பு நன்றாக இருந்தது என்பதை நினைவை நம்பிச் சொல்லாதீர்கள். அதையும் ஓட்டிப் பார்த்த பிறகே சொல்லுங்கள். ஒரு பதில் தவறினாலும், தொடர்பே இல்லாத ஒரு கமிட்டில் போய் நிற்பீர்கள்.

சோதனையை ஸ்கிரிப்டாக எழுத முடிந்தால் ‘கிட் பைசெக்ட் ரன்’ என்பதற்குப் பின் அதன் பெயரைக் கொடுத்துவிடலாம். மீதி வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் 0 என்ற எண்ணோடு முடிந்தால் அந்த கமிட் நல்லது. 1 முதல் 127 வரை எந்த எண்ணானாலும் பழுது. இதில் 125 மட்டும் விதிவிலக்கு: ‘இந்த கமிட்டைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ’ என்று பொருள். இதை அறியாதவர்கள்தான் பில்ட் ஆகாத, அதாவது ஓடும் மென்பொருளாக மாற்ற முடியாத கமிட்டுகளைப் பழுதான கமிட்டுகள் என்று எண்ணிக் குழம்புகிறார்கள். என் ஸ்கிரிப்டில் இரண்டே வரிகள். முதல் வரி பில்ட் செய்யும். அது தோற்றால் ‘எக்சிட் 125’. இரண்டாவது வரி, குறிப்பிட்ட அந்த ஒரு சோதனையை மட்டும் ஓட்டும். இந்த ஸ்கிரிப்டை, கிட் கண்காணிக்கும் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்துக்கு வெளியே வைத்திருங்கள். உள்ளே கமிட் செய்துவிட்டால், கிட் பழைய கமிட்டுக்குப் போகும்போது ஸ்கிரிப்டும் காணாமல் போகும்.

ஒரு மாறியோ செயற்கூறோ எப்போது நுழைந்தது, எப்போது மறைந்தது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் பைசெக்ட் தேவையில்லை. ‘கிட் லாக்’ கட்டளையோடு மைனஸ், பெரிய எழுத்து எஸ், அதையடுத்து அந்தப் பெயர். அந்தச் சொல்லின் எண்ணிக்கையைக் கூட்டிய அல்லது குறைத்த கமிட்டுகள் மட்டும் வரும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் ‘கிட் பிளேம்’ பார்க்கும்போது மைனஸ் டபிள்யூ சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் இடைவெளி மாற்றங்களை அது பொருட்படுத்தாது.

இனி, அந்த கமிட்டை எழுதிய சக ஊழியரிடம் எப்படிப் பேசுவது? என் அனுபவத்தில் கட்டளைகளைவிட இதுதான் கடினம். பிளேம் காட்டும் பெயர் அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர், அவ்வளவுதான். தவறு வேறு இடத்தில் இருந்து, அவருடைய மாற்றம் அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம். எல்லோரும் இருக்கும் குழு உரையாடலில் பெயரைச் சுட்டாதீர்கள். தனியாக எழுதுங்கள்: கமிட்டின் அடையாளம், பழுதை மீண்டும் வரவழைக்கும் வழி, பிறகு ஒரு கேள்வி. “இந்த மாற்றம் எந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டது?” என்று கேட்டால் காரணம் கிடைக்கும். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டால் தற்காப்புதான் கிடைக்கும்.

பயனர்கள் தவித்துக்கொண்டிருந்தால் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ‘கிட் ரிவெர்ட்’ செய்து, அதை அவருக்கும் தெரிவித்துவிடுங்கள். பழைய மாற்றத்தை நீக்கும் புதிய கமிட்டாகவே அது பதிவாகும். வரலாறு அப்படியே இருக்கும். பலர் பகிரும் கிளையில் ‘கிட் ரீசெட்’ கொடுத்து வரலாற்றைப் பின்னுக்கு நகர்த்தி, அதை வலுக்கட்டாயமாக புஷ் செய்வதை (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவதை) நான் எந்த நெருக்கடியிலும் அனுமதிப்பதில்லை. மற்றவர்களின் வேலை அதில் அழிந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

கமிட்டுகள் சிறியவையாகவும், ஒவ்வொன்றும் தனியாக பில்ட் ஆகக்கூடியதாகவும் இருந்தால்தான் இந்தத் தேடல் பயன்தரும். 40 கோப்புகளை மாற்றிய ஒரே கமிட்டில் போய் பைசெக்ட் நின்றால் என்ன செய்வீர்கள்? ‘கிட் ஆட்’ உடன் மைனஸ் பி சேர்த்தால் ஒரே கோப்பிலுள்ள மாற்றங்களையும் துண்டு துண்டாகப் பிரித்து எடுக்கலாம். கமிட்டோடு எழுதும் செய்தியில் காரணத்தை எழுதுங்கள். ‘பிழை சரிசெய்யப்பட்டது’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘ரத்தான ரசீதுகளில் தள்ளுபடி இருமுறை கழிந்தது, வரிக்கு முன் ஒருமுறை மட்டும் கழிக்கிறோம்’ என்று எழுதினால், பின்னால் வருபவர் உங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பழுதைச் சரிசெய்யும் கமிட்டில், பழுதைக் கொண்டுவந்த கமிட்டையும் குறிப்பிடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கென்றே ‘ஃபிக்ஸஸ்’ என்றொரு வரி உண்டு: பழைய கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகள், பக்கத்தில் அதன் தலைப்பு. பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள், இந்தத் திருத்தம் தங்களுக்கும் தேவையா என்பதை அந்த வரியைக் கொண்டே முடிவு செய்துகொள்ளலாம்.