மீன் மழை பெய்தால் புத்தகத்தை மூடாதீர்கள்

கனவுபோல, காரணம் சொல்லாமல் நகரும் கதைகளுக்குப் பழக ஒரு வழி சொல்கிறேன். ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் ‘காஃப்கா ஆன் த ஷோர்’ (2002) நாவலில் மத்தியும் கானாங்கெளுத்தியும் வானத்திலிருந்து கொட்டும். ஏன் என்று கடைசிவரை சொல்லமாட்டார். பலர் இங்கேதான் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அர்த்தம் தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஆட்களைக் கவனியுங்கள். பூனைகளோடு பேசும் நகாதா கிழவர், நாளைக்குக் குடை எடுத்துவாருங்கள் என்று ஒரு போலீஸ்காரரிடம் முதல் நாளே சொல்லிவைப்பார். அந்த அக்கறை புரிந்தால் போதும், மீன் பழகிவிடும். குழப்பும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். இரண்டாம் வாசிப்பில் அந்தப் புள்ளிகளில் பாதியை அழித்துவிடலாம்.

அப்புறம், இதே கனவுத்தனத்துக்கு வீடியோ கேமில் பழக ‘யுமே நிக்கி’ நல்ல இடம். 2004இல் வந்த ஜப்பானிய கேம், இலவசம். வசனம் கிட்டத்தட்ட இல்லை. அறையைவிட்டு வெளியேற மறுக்கும் பெண் தூங்கினால் கனவில் 12 கதவுகள். போதுமென்றால் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு விழித்துவிடுவாள். மேசையில் கனவுக் குறிப்பு எழுதுவதுதான் அங்கே ‘சேவ்’. நீங்களும் பார்த்ததை இரண்டு வரி எழுதிவையுங்கள். விளக்க வீடியோக்களை மட்டும் முதலில் பார்க்காதீர்கள், சப்பென்று ஆகிவிடும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் சரி; அதற்கு மேல் எனக்குத் தலை சுற்றும்.