சுவர் மூலையில் கசிந்த வெளிச்சம்

கணினியில் 3டி மாடலாகக் கட்டிய அறை ஒன்றின் ரெண்டரில், அதாவது அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் படத்தில், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. தரையோரம் திட்டுத் திட்டாக இன்னொரு வெளிச்சம். பலரும் முதலில் சாம்பிளை, அதாவது கணக்கிடும் ஒளிக்கதிர்களின் எண்ணிக்கையை, கூட்டுவார்கள். அதனால் நேரம்தான் போகும்.

நான் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, எல்லாப் பரப்புக்கும் ஒரே சாம்பல் மெட்டீரியல் போட்டு, வெயிலை மட்டும் வைத்து ரெண்டர் செய்தேன். நேரடி ஒளியையும், பரப்புகளில் பட்டுத் தெறித்து வரும் ஜிஐ ஒளியையும் தனித்தனி பாஸாக, அதாவது தனிப் படங்களாக, எடுத்ததும் விஷயம் புரிந்தது. கூரைக்கோடு நேரடி ஒளியிலேயே இருந்தது. அப்படியென்றால் மாடலில் இடைவெளி. கூரையைச் சுவரைத் தாண்டி 5 செ.மீ. நீட்டினேன், போயிற்று.

தரையோரத் திட்டு ஜிஐயில் மட்டும். சுவர் கனமே இல்லாத ஒற்றைத் தகடு. தெறிக்கும் ஒளியைத் திட்டுத் திட்டாகத் தோராயமாகக் கணக்கிடும் லைட் கேஷ் முறையில் ஒவ்வொரு திட்டும் (இதையும் சாம்பிள் என்பார்கள்) சுவரின் கனத்தைவிடப் பெரிது என்பதால், வெளிப்பக்க வெளிச்சத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுகிறது. சுவருக்கு வெளிப்புறமாக 20 செ.மீ. கனம் கொடுத்து, சாம்பிள் அளவையும் குறைத்தேன். மிச்சமிருந்த லேசான கறைக்கு முதல் பவுன்ஸை, அதாவது ஒளியின் முதல் தெறிப்பை, ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகக் கணக்கிடும் புரூட் ஃபோர்ஸ் முறைக்கு மாற்றினேன். ரெண்டர் நேரம் கூடியது, சரி, பரவாயில்லை.

வெளியே கறுப்புப் பெட்டி வைத்து மறைக்கலாம் என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஜன்னல் வழி வரும் வானொளியையும் அது தின்றுவிடும்.