படுக்குமுன் நாளைப் பின்னோக்கிப் பார்ப்பது எப்படி

கிளிநொச்சி இரணைமடு வாய்க்கால் பக்கம் பின்னேரங்களில் யோகா சொல்லிக் கொடுக்கிறேன். நினைவு பற்றிய பாடத்தில் முதலில் கொடுக்கும் பயிற்சி இது.

பாயில் நிமிர்ந்து இருங்கள். கடைசி வேலையிலிருந்து காலைவரை பின்னோக்கிப் போங்கள்: நுளம்பு வலை கட்டியது, சாப்பிட்டது, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தது. மத்தியானம் பக்கத்துக் காணிக்காரரோடு வாய்த்தர்க்கம் வந்திருந்தால் மனம் அங்கேயே நின்றுவிடும். சரி, நிற்கட்டும். ஆனால் பதில் தேடாதீர்கள். வரம்புச் சேறு, கையில் மண்வெட்டி, அவர் நின்ற இடம் என்று கண்டதை மட்டும் பாருங்கள்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி, மனத்தின் ஐந்து விருத்திகளில், அதாவது மன அசைவுகளில், ஒன்றாகவே நினைவை வைத்தார். அனுபவம் விட்டுப்போகும் பதிவு சம்ஸ்காரம். அதிலிருந்துதான் நினைவு எழும்புகிறது. நினைவுகூரும்போது அதை மறுபடி கட்டுகிறோம் என்று 1932இல் உளவியலாளர் பார்ட்லெட் எழுதினார். அதனால்தான் கோபத்தோடு திரும்பத் திரும்ப நினைக்க வேண்டாம் என்கிறேன்.

ஷெல் சத்தமோ பங்கரோ நினைவில் வந்தால் உடனே கண்ணைத் திறந்து, உள்ளங்காலை நிலத்தில் ஊன்றுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும். அடிக்கடி வந்தால் தனியே பழகாமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள்.